இருவரும் ஒருவரே

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை. அதற்கு நாலைந்து நாள் கழித்து எதிர்வீட்டுப் பையன் என் திண்ணைக்கு வந்தான். "தாத்தா, இந்த வாட்டி மனு எழுத வேணாமாம். ரேஷன் கார்டு இருந்தா போதும், அக்கவுண்டுல அஞ்சாயிரம் ஏறிடுமாம்" என்றான்.

"நல்லதாப் போச்சு" என்றேன். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். அவன் அப்பாவுக்கு 2012 ஜனவரியில் நான் எழுதிக் கொடுத்த மனு மூன்று பக்கம், இணைப்புகள் ஆறு. இரண்டு முறை திரும்பி வந்து மூன்றாம் முறைதான் ஏற்றுக்கொண்டார்கள்.

புயலைப் பற்றி எழுதுகிறவர்கள் காற்றின் வேகத்தை எழுதுவார்கள், விழுந்த மரங்களை எழுதுவார்கள். காற்று ஓய்ந்த பிறகு மூன்று மாதம் நடக்கிற காகித வேலையை யாரும் எழுதுவதில்லை. நான் இரண்டு புயல்களில் அந்த வேலையைப் பார்த்தவன். ஒன்றில் மேசைக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தேன், மற்றொன்றில் வெளிப்பக்கம். ஆகவே இதை நான் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது 1977. அப்போது நான் காரைக்காலில் எல்.டி.சி. வயது 26. எந்த அலுவலகம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. தீபாவளி முடிந்த கையோடு, நவம்பர் 12 சனிக்கிழமை, நாகப்பட்டினத்துக்கு அருகே புயல் கரையேறியது. அந்தக் காலத்தில் நம் பக்கத்துப் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் கிடையாது, அது 2004-ல்தான் வந்தது. அதனால் இன்றும் வயதானவர்கள் "எழுபத்தேழு புயல்" என்றுதான் சொல்வார்கள். தமிழ்நாட்டில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். நாகையிலிருந்து காரைக்கால் இருபது கிலோமீட்டர்தான். காற்றுக்கு எல்லை தெரியுமா? எங்கள் பக்கமும் கூரை என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. தென்னை மரங்கள் நடுவில் முறிந்து மொட்டையாக நின்றன.

ஒரு வாரம்தான் நாங்கள் செய்தித்தாளில் இருந்தோம். நவம்பர் 19-ஆம் தேதி ஆந்திராவில் திவிசீமா பக்கம் இன்னொரு புயல் வந்து கடல் ஊருக்குள் புகுந்தது. அங்கே இறந்தவர்கள் 10,000 பேருக்கும் மேல். நாடு முழுவதும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அது நியாயமும்தான். ஆனால் பழைய துணியும் அரிசியும் கொண்டுவந்த லாரிகள் எங்கள் ஊருக்கு வருவது குறைந்துபோனதை அன்று மூட்டை எண்ணி வரவு வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் நம் பெயர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். புதுச்சேரி, காரைக்கால் நண்பர்களுக்குத் தெரிந்த கதைதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் மேரியில், அதாவது மேர் என்கிற ஊர்த்தலைவரின் அலுவலகத்தில், பதிவாகும். அந்தப் பதிவேட்டுக்கு எத்தா சிவில் என்று பெயர். நிலம், மனை வாங்கினால் நொத்தேர் முன்னிலையில் ஆக்த் எழுதுவார்கள். எல்லாம் பிரெஞ்சு உச்சரிப்புப்படி. 'முத்து' என்ற பெயர் ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து; பிரெஞ்சுக்காரர் எழுதினால் ஏழு. கந்தசாமி ஆங்கிலத்தில் கே-யில் தொடங்குவார், பிரெஞ்சில் சி-யில். 'அம்மாள்' என்பதற்கு வாலில் இரண்டு எழுத்து கூடப் போட்ட பதிவேடுகளை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் மாறியது. அதன்பின் ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பள்ளிச் சான்று எல்லாம் ஆங்கில எழுத்துக்கூட்டலில் வந்தன. ஆக ஒரே மனிதருக்குப் பெட்டியில் இரண்டு பெயர். வாழ்கிறவரைக்கும் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அரசாங்கத்திடம் போய் எதையாவது கேட்கும்போதுதான் அந்த இரண்டு பெயரும் ஒன்றையொன்று யார் என்று கேட்கும்.

நான் பிரெஞ்சு வழியில் ப்ரவே வரை படித்தவன். எங்கள் வாத்தியார் திக்தே போடுவார். அவர் வாசிக்க நாங்கள் எழுத வேண்டும். எழுத்துக்கு மேல் போடவேண்டிய சின்னக் கோடு ஒன்று விட்டுப்போனாலும் மதிப்பெண் போய்விடும். 'இவ்வளவுதானே' என்று யாராவது சொன்னால் பிரம்பு பேசும். அப்படி வளர்ந்த பையன் குமாஸ்தா ஆனால் எப்படி இருப்பான்? தாளை வாங்கியதும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கமாட்டான். எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பான். அதனால்தான் என்னைக் கெட்டிக்கார எழுத்தர் என்றும் சொன்னார்கள்.

புயல் முடிந்து பத்து நாள் இருக்கும். மேற்கேயுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். நாற்பது வயது இருக்கும். கணவர் இறந்து சில வருடம். கூரை போய், ஒரு பக்கச் சுவரும் இறங்கிவிட்டது. குடிசைச் சேதத்துக்கு மனு. மனை யாருடையது என்பதற்கு மஞ்சள் பிடித்த ஆக்த் ஒன்றை முந்தானையில் சுற்றி நனையாமல் கொண்டுவந்திருந்தார். அதில் கணவர் பெயர் சி-யில் தொடங்கியது. ரேஷன் கார்டில் கே-யில் இருந்தது.

"ரெண்டும் வேற பேரும்மா. ரெண்டும் ஒரே ஆள்தான்னு சான்று வாங்கிட்டு வாங்க" என்றேன்.

"யாருகிட்ட தம்பி வாங்கணும்?"

நான் ஒரு அலுவலகத்தின் பெயரைச் சொன்னேன். அங்கே போனால் இன்னொரு இடத்துக்கு அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் ஆக்தைப் பழையபடி மடித்து முந்தானையில் சுற்றிக்கொண்டு போனார். மறுபடி வரவில்லை. இரண்டு வாரத்தில் பட்டியலை மூடி மேலே அனுப்பிவிட்டோம்.

இதில் நான் எதையும் விதிக்குப் புறம்பாகச் செய்யவில்லை. தணிக்கை வந்தால் கேட்பார்கள் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. ஆனால் அந்த அலுவலகத்தில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் நான் ஒருவன். சி-யும் கே-யும் ஒரே கந்தசாமிதான் என்று அந்த அறையிலேயே நன்றாகத் தெரிந்தவன் நான்தான். என் அப்பாவுக்கே அப்படி இரண்டு பெயர் இருந்தது. தாளின் கீழே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, மேலதிகாரியிடம் நீட்டியிருந்தால் அவர் ஒப்பமிட்டிருப்பார். அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை.

சில வருடம் கழித்து வேறு வேலையாக அந்தக் கிராமத்துக்குப் போனபோது விசாரித்தேன். மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். மனை காலியாகக் கிடந்தது, எருக்கு முளைத்திருந்தது.

இரண்டாவது, தானே.

2011 ஜூன் மாதம் ஓய்வு பெற்றேன். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மாற்றலாகி வந்து, பாகூர் கொம்யூனில் என் மனைவியின் பூர்வீக வீட்டில் குடியிருந்தோம். திண்ணை வைத்த வீடு. ஓய்வு பெற்ற ஆறாம் மாதம், டிசம்பர் 30 வெள்ளிக்கிழமை விடியற்காலையில், தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. நடுவே என்றால் எங்கள் தலைமேல். மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகம் என்று வானிலைத் துறை பிறகு சொன்னது. பெயர் மியான்மர் கொடுத்தது. நம்மவர்கள் சும்மா விடுவார்களா? "தானே வந்தது, தானே போனது, இனி நாம்தானே அனுபவிக்கணும்" என்று டீக்கடையில் அன்றைக்கே பேச்சு.

புதுவை நகரில் 1826-ல் பிரெஞ்சுக்காரர் போட்ட தாவரவியல் பூங்காவில் பெரிய பெரிய மரங்கள் வேரோடு விழுந்தன. புத்தாண்டுக்கு வந்த சுற்றுலாக்காரர்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கிராமங்களில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. ஜெனரேட்டரை மாட்டு வண்டியில் ஏற்றி வந்து மணிக்கணக்குப் பேசித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார்கள். செல்போன் சார்ஜ் போடப் பத்து ரூபாய். மெழுகுவத்தி விலையைப் பற்றிச் சொன்னால் இன்னும் சண்டைக்கு வருவார்கள்.

பிரான்ஸில் இருக்கும் என் தங்கை நான்காம் நாள்தான் போனில் கிடைத்தாள். 1999-ல் இதே டிசம்பர் கடைசி வாரத்தில் அங்கே லோதார், மார்த்தான் என்று இரண்டு புயல் அடுத்தடுத்து அடித்தது. அவள் வீட்டு ஓடு பறந்து, காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, காசோலை வந்த கதையை அப்போதே சொல்லியிருக்கிறாள். "அண்ணா, குடிசைக்கெல்லாம் இன்சூரன்ஸ் இருக்காதா?" என்று கேட்டாள். பாவம், அவள் போய் நாற்பது வருஷம் ஆகிவிட்டது. இங்கே குடிசைக்குக் காப்பீடு என்றால் அரசாங்கம்தான். அதற்கான பத்திரம் ரேஷன் கார்டுதான்.

அந்த அரசாங்கப் பணமும் நமக்கு நேர்வழியில் வருவதில்லை. 1963-லிருந்து நமக்குச் சட்டமன்றம் உண்டு, முதலமைச்சர் உண்டு, ஆனால் நாம் மாநிலம் அல்ல. மாநிலங்களுக்கு 1990-லிருந்து இயற்கைச் சீற்ற நிவாரண நிதி என்று தனியாக ஒன்று இருந்தது. முக்கால் பங்கு மத்திய அரசு, கால் பங்கு மாநிலம். பிற்பாடு அதன் பெயர் மாறியது. நிதி ஆணையம் மாநிலங்களுக்குப் பங்கிடும் அந்தப் பட்டியலில் புதுச்சேரி இராது. நாம் டில்லி உள்துறையைக் கேட்க வேண்டும். தானேக்கு மத்திய அரசு முதலில் அறிவித்தது தமிழ்நாட்டுக்கு 500 கோடி, புதுச்சேரிக்கு 125 கோடி. மத்தியக் குழு வந்து பார்த்துப் போனது. குழு வருகிற நாளில் ரோட்டோரத்தில் விழுந்த மரத்தை யாரும் தொடவில்லை. உள்ளே கிராமத்தில் விழுந்தது யார் கண்ணிலும் படவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கார் போகிற வழி அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் அப்போது சேர்ந்துகொண்டது. நம் பக்கம் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது. அடுத்தது 38 வருடம் கழித்து 2006-ல். அந்த உறுப்பினர்களின் காலம் 2011 நடுவில் முடிந்தது. ஆக, புயல் அடித்தபோது 'இவர் எங்கள் ஊர்க்காரர், இவர் குடிசை விழுந்தது உண்மை' என்று கையெழுத்துப் போட வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. மேர் காலத்தில் மேர் போட்ட கையெழுத்து. இப்போது வி.ஏ.ஓ. ஒருவர்தான், அவர் கையில் நாலைந்து ஊர்.

புயலுக்கு மூன்றாம் நாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வெள்ளைத்தாளோடு வந்தார். "ஐயா, நீங்க ஆபீஸ்ல இருந்தவங்க. என்ன எழுதணும்னு சொல்லுங்க." அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு மேசையைத் திண்ணையில் போட்டேன். அடுத்த மூன்று மாதம் அந்த மேசை உள்ளே போகவில்லை. என் மனைவி, "ரிட்டையர் ஆயிட்டீங்கன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டாள். டீ போட்டுக் கொடுத்ததும் அவள்தான்.

மனு எழுதுவதற்கு முன் நான் செய்யச் சொன்னது பட்டியல். கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளை, ஒரு பையன், ஒரு பெண், கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனோம். கோடு போட்ட நோட்டில் வீட்டு எண், கார்டு எண், சிவப்புக் கார்டா மஞ்சளா, கூரை எதனால் ஆனது, எந்தச் சுவர் நிற்கிறது, எத்தனை பேர், ஆடு மாடு, மரம். கணக்கெடுக்க அதிகாரிகள் வரும்போது நம் கையில் ஒரு பட்டியல் இருந்தால் அவர்களுக்கும் வேலை சுலபம், விட்டுப்போன வீட்டைச் சுட்டிக்காட்டவும் முடியும். சேரிப் பக்கம் அந்தப் பெண்தான் முதலில் போகவேண்டும் என்றாள். 2004 சுனாமி முடிந்து கடலோர ஊர்களில் நிவாரணம் கொடுத்தபோது, ஊர்ப் பெரியவர்கள் கொடுத்த பட்டியலில் கைம்பெண்களும் ஒதுக்குப்புறத்து வீடுகளும் விட்டுப்போன கதையை அவள் கேட்டிருந்தாள். அவள் சொன்னது சரி. எங்கள் ஊரில் ஏற்கெனவே யாரோ எழுதி வைத்திருந்த ஒரு பட்டியலில் அந்தத் தெருவே இல்லை.

விதி என்பது எப்படிப் போகும் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். குடிசை முழுச் சேதம் என்றால் ஒரு தொகை, பகுதிச் சேதம் என்றால் அதைவிடக் குறைவு. சுவர் நின்றால் பகுதி. ஆனால் மண்சுவர் புயலன்று விழாது. ஊறிப்போய், வெயில் பட்டு, வெடித்து, எட்டாம் நாள் விழும். கணக்கெடுத்தவர் ஐந்தாம் நாளே 'பகுதி' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். இரண்டாவது, சுறுசுறுப்பானவர்களுக்கு வந்த தண்டனை. கையில் இருந்த காசைப் போட்டு, பிள்ளைகள் நனையக்கூடாதென்று மறுநாளே கீற்று வாங்கிக் கூரை போட்டவர் வீட்டுக்கு அதிகாரி வந்து பார்த்தால் புதுக்கூரை. 'சேதம் இல்லை.' அதனால் நான் எல்லாரிடமும் கெஞ்சினேன்: கூரை போடுங்கள், ஆனால் போடும் முன் ஒரு படம் எடுங்கள், பழைய கீற்றைக் கொல்லையில் போட்டு வையுங்கள், எரித்துவிடாதீர்கள். செல்போனில் சார்ஜ் இல்லாததால் படம் எடுக்கவும் முடியவில்லை. அந்தக் கல்லூரிப் பையன் மட்டும் எங்கேயோ போய் சார்ஜ் ஏற்றிவந்து ஊர் முழுக்கப் படம் எடுத்தான்.

பயிருக்கு அப்போதைய விதி, பாதிக்கு மேல் அழிந்திருந்தால்தான் நிவாரணம். 2015-ல்தான் அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். பொங்கலுக்கு அறுக்க நின்ற நெல் படுத்துவிட்டது. அதில் பாதி எது, பாதிக்கும் கீழ் எது என்று வரப்பில் நின்று யார் சொல்வது? நெல்லுக்காவது அடுத்த போகம் உண்டு. கடலூர் பக்கம், பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் போனதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தாத்தா நட்ட பலா விழுந்தால் அந்த வருடப் பழம் மட்டுமா போகிறது? புதிதாக ஒட்டுமுந்திரி நட்டாலும் காய்ப்புக்கு வர மூன்று நாலு வருடம். விண்ணப்பத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. சவுக்கு நட்டவர்களுக்கு வேறு மாதிரி அடி. முறிந்த சவுக்கை எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க வந்ததால் வியாபாரி வைத்ததே விலை.

எல்லைக்கு வருகிறேன். எங்கள் பாகூர் பக்கம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். இந்தத் தெரு புதுச்சேரி, அந்தத் தோப்பு கடலூர் மாவட்டம், அதற்கடுத்த வயல் மறுபடி புதுச்சேரி. வெள்ளைக்காரர்கள் இருவரும் அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டதன் மிச்சம் அது. சாதாரண நாளில் டாஸ்மாக்கா, நம்ம பக்கத்துச் சாராயக்கடையா என்பதற்குத்தான் அந்த எல்லை. புயல் முடிந்ததும் அது பெரிய சுவராகிவிட்டது. வீடு இங்கே, நிலம் அங்கே உள்ளவர் வீட்டுக்குச் சிவப்புக் கார்டோடு நம் வி.ஏ.ஓ.விடமும், பயிருக்குச் சிட்டா அடங்கலோடு அந்தப் பக்கத்து வி.ஏ.ஓ.விடமும் போகவேண்டும். 'உனக்குக் கார்டு புதுச்சேரிதானே, அங்கே போ' என்று அங்கே. 'நிலம் தமிழ்நாடுதானே' என்று இங்கே. அப்படி அலைந்த ஏழு குடும்பத்துக்கு இரண்டு மனு எழுதினேன், ஒவ்வொன்றிலும் 'இது வீட்டுக்கு மட்டும், பயிருக்கு அல்ல', 'இது பயிருக்கு மட்டும், வீட்டுக்கு அல்ல' என்று மேலேயே பெரிதாக எழுதி, அடுத்த மனுவின் நகலையும் இணைத்தேன். இரண்டு இடத்திலும் ஒரே நஷ்டத்துக்குக் கேட்கிறார்களோ என்ற சந்தேகம்தான் அதிகாரியின் கையைத் தடுப்பது. உள்ளே உட்கார்ந்தவனுக்கு அது தெரியும். அந்தச் சந்தேகத்தை முதல் வரியிலேயே தீர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

குத்தகைக்காரர்கள் விஷயத்தில்தான் என் பிரெஞ்சு உதவியது. நிவாரணம் பட்டாதாரர் பெயருக்கு வரும். உழுதவர் வாய்மொழிக் குத்தகைக்காரர். எங்கள் ஊரில் இரண்டு நிலக்காரர்கள் பிரான்ஸிலேயே தங்கிவிட்டவர்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. 'இந்தப் பருவம் பயிரிட்டது இன்னார்தான், நிவாரணத்தை அவர் பெற்றுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று ஒப்புதல் வேண்டி இருவருக்கும் பிரெஞ்சில் கடிதம் எழுதினேன். நாற்பது வருடத்துக்குப் பிறகு பிரெஞ்சில் ஒரு முழுக்கடிதம். ஒவ்வொரு எழுத்தின் மேலும் கோடு சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். வாத்தியார் இறந்து எத்தனை காலம் ஆகியும் பயம் போகவில்லை. ஒருவர் மூன்றே நாளில் மின்னஞ்சலில் கையெழுத்திட்டு அனுப்பினார், தன் அப்பா நட்ட தென்னைகள் நிற்கின்றனவா என்றும் கேட்டிருந்தார். நிற்கவில்லை. மற்றவரிடமிருந்து பதிலே இல்லை. அந்தக் குத்தகைக்காரருக்கு வந்திருக்கவேண்டிய பணம் கடைசிவரை வரவில்லை. வட்டிக்கு வாங்கி அடுத்த நடவு போட்டார். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு திண்ணைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

மாசி மாதம் ஆகியிருக்கும், ஒருநாள் மத்தியானம் ஒரு ஆயா வந்தார். எண்பதுக்கு மேல் வயது. ஊர்க்கோடியில் தனியாக இருந்தவர். அவர் மனு திரும்பி வந்துவிட்டது. மனைக்கு அவர் கொடுத்தது மாமனார் காலத்து ஆக்த். அதன் நகலைப் பிரித்துப் பார்த்தேன். கணவர் பெயரும் அவர் பெயரும் அதில் இருந்தன, நொத்தேரின் சாய்ந்த கையெழுத்தில். இரண்டுமே பிரெஞ்சுக் கூட்டல். கார்டில் இரண்டுமே ஆங்கிலக் கூட்டல். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'பெயர் வேறுபடுகிறது.'

அதைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. அந்தச் சிவப்பு மைக்காரர் என் வேலையைத்தான் செய்திருக்கிறார், முப்பத்து நாலு வருடம் கழித்து.

அன்று நான் மூன்று தாள் எழுதினேன். முதலாவது, ஆக்தின் தமிழ் மொழிபெயர்ப்பு, வரிக்கு வரி. இரண்டாவது, பிரெஞ்சு ஆவணங்களில் தமிழ்ப்பெயர்களை எப்படி எழுதுவார்கள் என்று ஒரு விளக்கம். எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று பத்துப் பெயர்களை இரண்டு கூட்டலிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். மூன்றாவது, 'மேற்படி இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும், இருவரும் ஒருவரே என்பதை நாங்கள் நேரில் அறிவோம்' என்று ஊரார் ஐந்து பேர் கையெழுத்தும் வி.ஏ.ஓ. கையெழுத்தும். நானே எடுத்துக்கொண்டு போனேன். உட்கார்ந்திருந்த இளைஞருக்கு என் மகன் வயதுகூட இராது. மூன்று தாளையும் பொறுமையாகப் படித்தார்.

"இது எனக்குத் தெரியாது சார். எங்க தாத்தா பேரும் பழைய பத்திரத்துல இப்படித்தான் இருக்கு, யாரோ தப்பா எழுதிட்டாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். அந்த இரண்டாவது தாளை நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பிறகு அதே காரணத்தால் ஒதுக்கி வைத்த வேறு நாலைந்து மனுக்களைக் கட்டிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஆயாவுக்குப் பணம் பங்குனியில் வந்தது. புதுக்கீற்றுக்கும் மூங்கிலுக்கும் கூலிக்கும் போதவில்லை. பேரன் கொஞ்சம் போட்டான். கூரை ஏறிய அன்று என் மனைவிக்கு ஒரு பூசணிக்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்.

"ஏம்பா, அந்தக் காயிதத்துல எம்பேரு எப்படி இருக்குன்னு படி, கேப்போம்."

நொத்தேர் எழுதியிருந்தபடியே, மூக்கால் இழுத்து, பிரெஞ்சுக்காரன் மாதிரி வாசித்தேன்.

ஆயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அது எவளோ தொரசானி பேரு மாதிரில்ல இருக்கு" என்றார்.